பெயர் பெற்ற சுட்டி

யாங்கள் தொகுத்துவரும் சொல்லடைவு போஸ்ட்கிரெஸ் தரவுக்களஞ்சியத்தில் உள்ளது. அதனைப் பைத்தான் மொழியிலே சைக்காபிஜி2 என்னும் திறந்தமூல நிரற்றொகுதியின் வழியே படிக்கின்றோம். விடைவரிகளை நிரலாய்க் காட்டும் கர்சர் என்னும் சுட்டி பெயரற்றதாயின், விடை முழுவதும் ஒருங்கே நம் கணினியில் வந்து குவியும். சிறு கணினி திணறும். பெயரொன்று இட்டாலோ விடை சர்வரிலேயே தங்கி, 2000 வரிகளாக வரும். (பெயரால் இத்துணை வேற்றுமை விளைதல் இலக்கணம் பயில்வோர்க்கு இனிதே!)

நிற்க. ஒருநாள் பாதிவழியில் சுட்டி மறைந்தது. நண்பர் சிலர் தொகுதியைப் பழித்து, மீண்டும் அட்டைகளிலேயே எழுதுவோம் என்றனர். பழி அதன்பாலதன்று. இடையிடையே திருத்தங்களை அதே இணைப்பில் ‘கமிட்’ செய்ய, பரிவர்த்தனை முடிந்தது. அதனோடு சுட்டியும் மாய்ந்தது. ‘வித்ஹோல்டு’ என்று பணித்தால் அது பிழைக்கும். ஆயின் எஞ்சிய வரிகளையெல்லாம் சர்வர் படியெடுத்து வைத்தல் வேண்டும். அச்சுமை வேண்டாவென்று, படித்தற்கு ஓரிணைப்பும் எழுதுதற்கு வேறோரிணைப்பும் வைத்தோம். அன்று மாலையே அடைவின் இறுதிச்சொல்லும் வந்து சேர்ந்தது.