இரண்டாவது தடவை யார் போறது?

உங்க ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் கடைசியாக ‘ஃபியூச்சர் ஸ்கோப்’ என்று ஒரு பக்கம் இருக்கும். மெஷின் லேர்னிங் சேர்க்கலாம், மொபைல் ஆப் பண்ணலாம்னு நாலு வரி எழுதி முடிச்சிடுவோம். ‘இந்தக் கருவியை வச்ச ஊருக்கு இருபது வருஷம் கழிச்சுத் திரும்பப் போய்ப் பார்ப்போம்’ என்று எழுதின யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. ஆனா அப்படித் திரும்பப் போன ஒருத்தரைப் பத்திப் படிச்சேன்.

கேத்லீன் கஃப். 1925-ல் இங்கிலாந்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படிச்ச மானிடவியலாளர். கேரளாவில் ஆய்வு செய்துவிட்டு, 1951-ல் தஞ்சாவூர்ப் பக்கம் வந்தார். நம்ம துவாக்குடியில் பஸ் ஏறினா ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ற அதே தஞ்சாவூர்தான். அவர் எடுத்துக்கிட்டது இரண்டு கிராமங்கள். ஒண்ணு தஞ்சாவூர் கிட்ட, இன்னொண்ணு கிழக்கே நாகப்பட்டினம் பக்கம். புத்தகத்தில் கும்பப்பேட்டை, கிரிப்பூர்னு இருக்கும். மேப்பில் தேடாதீங்க, இரண்டும் புனைபெயர். நிலம் யாரிடம், உழுவது யார், குத்தகை எவ்வளவு, கூலி எவ்வளவு, யார் எந்தத் தெருவுக்குள் போகலாம் என்று எல்லாத்தையும் எழுதி வச்சார்.

அவர் போன பிறகு டெல்டா மாறிச்சு. 1960-ல் தொடங்கின தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு முதலில் எடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை 27 நெல், யூரியா, பம்புசெட், டிராக்டர் எல்லாம் வந்தது. விளைச்சல் ஏறிச்சு. கூலி உயர்வு கேட்டுப் போராட்டமும் வளர்ந்தது. 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழவெண்மணியில் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டாங்க.

கஃப் அப்போ கனடாவில் இருந்தார். அங்கே சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் பார்த்த வேலை, ஆசிரியர்-மாணவர் போராட்டத்தில் நின்றதால் போச்சு. 1976-ல் அதே இரண்டு ஊருக்கும் திரும்ப வந்தார். பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பார்த்தார். நெல் கூடியிருந்தது. நிலமில்லாமல் கூலிக்குப் போறவங்களும் கூடியிருந்தாங்க. 1989-ல் இது புத்தகமாக வந்தது, அடுத்த வருஷம் அவர் இறந்துட்டார்.

1951-ன் நோட்டு இல்லைன்னா, விளைச்சலை மட்டும் பார்த்து ‘திட்டம் சக்சஸ்’னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்.

எங்க டீம் செய்யறது நெல் வயலின் ஈரம் பார்த்துத் தானாகத் தண்ணி திறக்கிற கருவி. ‘லேபர் காஸ்ட் குறையும்’ என்று ஸ்லைடில் போல்டில் இருக்கு. லேபர்னா யாரு? மடையைத் திறந்து அடைக்கிற ஒரு ஆள். எந்த மூலையில் தண்ணி நிக்கும், எந்த வரப்பு கசியும்னு அவருக்குத்தான் தெரியும். சென்சாரை எங்கே வைக்கணும்னு அவரைக் கேட்டுத்தான் ஆகணும். கருவி நல்லா வேலை செஞ்சா முதலில் கூலி போறதும் அவருக்குத்தான். ரிவ்யூ பேனலில் அக்யூரசி கேட்பாங்க, இதைக் கேட்க மாட்டாங்க.

எங்ககிட்டயும் இதுக்கு முழுப் பதில் இல்லை. அதனால் ரிப்போர்ட்டில் ஒரு அட்டவணை சேர்க்கிறோம்: இன்னைக்கு அந்த வயலில் யாருக்கு எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி. பெயர் போடப் போறதில்லை. நீங்களும் ஒரு கிராமத்துக்காக ஏதாவது செய்யறீங்கன்னா இதே மாதிரி ஒண்ணு சேருங்க. பிளேஸ்மென்ட் முடிஞ்சா நாம சென்னை, பெங்களூருன்னு கிளம்பிடுவோம். திரும்பிப் போறது ஏதோ ஒரு ஜூனியர் பேட்சா இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க அவங்க கையில் ஒரு கணக்கு வேணும்ல?