பச்சைச் சட்டைக்காரரின் பதினாறு பேரிங்

ரிங்க்கை ஒட்டிய படிக்கட்டில் பழைய தினசரித்தாளை விரித்திருக்கிறார். அதன் மேல் எட்டுச் சக்கரங்கள். இடது காலுடைய நான்கும் ஒரு பக்கம், வலது காலுடையவை மறுபக்கம். ஒவ்வொன்றின் முகத்திலும் சிவப்பு நெயில் பாலிஷில் புள்ளி வைத்திருக்கிறது: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நடுவில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் பெட்ரோல். பதினாறு பேரிங்குகள் அதில் ஊறுகின்றன. மனிதர் பச்சைக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டையில் இருக்கிறார், பையில் இரண்டு பேனா. இங்கிருந்து நேரே ஆபீஸ் போகிற கோலம்தான். நகக்கண்களில் மட்டும் மசி.

டிசம்பர் மாதக் காலை. சென்னையில், கூரையில்லாத ஒரு சிமெண்ட் ரிங்க். ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டிங் போட்டி தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது. ஜிகினா உடையின் மேல் ஸ்வெட்டர் மாட்டிய சிறுமிகள் நடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஹேர்பின்னைப் பல்லில் கடித்தபடி அம்மாக்கள் கொண்டை போட்டுவிடுகிறார்கள். மைக்காரர் ஹலோ ஹலோ என்று தன்னையே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எல்லார் கவலையும் கொண்டையில் இருக்க, பச்சைச் சட்டைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு ரிங்க்குக்குள் இறங்குகிறார். நாலைந்து இடங்களில் நின்று, உள்ளங்காலைத் தரையில் இழுத்துத் தேய்த்துப் பார்க்கிறார். பனி இறங்கியிருக்கிறது, வடக்கு மூலையில் அதிகம். திரும்பி வந்து, மாட்டத் தயாராக வைத்திருந்த செட்டைப் பைக்குள் போட்டுவிட்டு வேறொன்றை வெளியே எடுக்கிறார்.

அதற்கான காரணம் பாலியூரிதேனில் இருக்கிறது. மரம், இரும்பு, களிமண் கலவை என்று பலதிலும் உருண்டு பார்த்துவிட்டு, 1970களில்தான் ஸ்கேட் உலகம் இந்தப் பொருளுக்கு வந்து சேர்ந்தது. இதை வேண்டிய கெட்டியில் வார்த்துக்கொள்ளலாம். கெட்டித்தனத்தைச் சொல்லும் எண் சக்கரத்திலேயே இருக்கும்: 49டி, 53டி, 57டி என்று. எண் ஏற ஏறக் கெட்டி. 78ஏ, 85ஏ என்று ஏ போட்டு வருபவை வேறு அளவுகோலில் வருபவை. 57டியை விட 85ஏ கெட்டி என்று நினைத்து வாங்கினால் நேர் எதிராகப் போகும். ரோட்டில் ஓடவே ஏ வரிசையின் இளகிய சக்கரங்கள். சுழலவும் தாவவும் பெரும்பாலும் டி வரிசை. வழுக்குகிற தரைக்குச் சற்று இளகியது, பிடித்து இழுக்கிற தரைக்குக் கெட்டியானது. உடல் எடையும் சேர்த்தி. ஒல்லிக் குழந்தைக்குக் கெட்டிச் சக்கரம் மாட்டினால் தரையில் பதியாமல் நழுவும். கனத்த ஆளுக்கு இளகியது அமுங்கி, சுழற்சியைப் பாதியில் விழுங்கிவிடும். வெயில் ஏறினால் சக்கரமும் கொஞ்சம் இளகும். காலையில் சரியாக இருந்தது மதியம் இழுக்கும். கடைக்காரர்கள் கம்பெனிப் பெயரில் ஆரம்பிக்கிறார்கள், இத்தாலியின் ரோல்-லைன் என்றால் தனி மரியாதை. இவர் ஆரம்பிப்பது உள்ளங்காலில். எனக்கு இவர் வழிதான் சரி என்று படுகிறது.

முதலில் ஃபிகர்ஸ். தரையில் வரைந்த, 6 மீட்டர் விட்டமுள்ள வட்டங்களில், ஒரே உந்தலில், ஒரே காலில், கோடு பிசகாமல் சுற்றி வர வேண்டும். கைதட்டுக்கு இடமில்லாத பிரிவு. இதற்குச் சற்றுப் பெரிய சக்கரம், 60 மில்லிமீட்டருக்கு மேல். நின்றுவிடாமல் உருள்வதுதான் இங்கே முக்கியம். அடுத்து வரும் ஃப்ரீ ஸ்கேட்டிங்குக்கு 57. அது முடிந்து இது தொடங்குவதற்குள் எட்டையும் மாற்றியாக வேண்டும்.

கிண்ணத்திலிருந்து ஒரு பேரிங்கை எடுக்கிறார். நூறு கிராம்கூடத் தேறாத பொருள். உள்வட்டம் 7 மில்லிமீட்டர், வெளியே 22. ஓரத்து ரப்பர் மூடியை ஊக்கு முனையால் முன்பே நெம்பி எடுத்திருக்கிறார். துணியில் ஒற்றி, சுண்டுவிரலில் கோத்து, காதருகே வைத்துச் சுண்டுகிறார். சர்ரென்று வழுவழுத்த ஓசை வந்தால் வலப்புறம் போகிறது. கரகரத்தால் மறுபடி பெட்ரோலுக்கு. ஒன்று மூன்று முறை முங்கியும் கரகரக்கிறது. அதைச் சட்டைப் பையில் போட்டுவிட்டார். அச்சுத் தண்டில் நீளமான முடி ஒன்று சுற்றி இறுகியிருக்கிறது. ட்வீசரால் நுனி தேடி, பொறுமையாக உருவுகிறார். அத்தனை கொண்டைகள் போடப்படுகிற இடத்தில் முடி எங்கே போகும்!

பக்கத்துப் படியில் இன்னொரு அப்பா, மகனின் பேரிங்கில் தேங்காய் எண்ணெய் விடத் தயாராகிறார். எனக்கு நாக்கு துறுதுறுக்கிறது. அது உறைந்து, தூசியைக் கூட்டிப் பிசினாக்கிவிடும். பச்சைச் சட்டைக்காரரும் பார்த்துவிட்டார். உபதேசம் எதுவும் இல்லை. தன் தையல் மெஷின் எண்ணெய் டப்பாவை அந்தப் பக்கம் நகர்த்தி, "இத விடுங்க சார், ரெண்டே சொட்டு" என்கிறார்.

சக்கரங்களை மாட்டும்போது புள்ளிகளின் கணக்கு விளங்குகிறது. அவர் மகள் இடப்புறமாகச் சுழல்கிறவள். தாவி இறங்குவது வலது காலில், பின்னோக்கி, வெளிவிளிம்பில். அந்தக் காலின் வெளிச் சக்கரங்கள் ஒருச்சாய்த்துத் தேய்கின்றன. ஆகவே தேய்ந்தது உள்ளே, தேயாதது வெளியே, வலது இடதாக. நட்டை இறுக்கி, சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, மயிரிழை தளர்த்துகிறார், பருத்தி நூலின் முறுக்கை விரலால் பார்க்கும் நெசவாளியைப் போல. சக்கரங்களைத் தாங்கும் தகட்டின் ரப்பர்களையும் அழுத்திப் பார்க்கிறார். சாய்ந்தால் திரும்புகிற இந்த அமைப்புக்கு 1863இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பிளிம்ப்டன் காப்புரிமை வாங்கினார். ரப்பர் செத்துவிட்டால் எந்தச் சக்கரம் போட்டும் பயனில்லை.

இந்த ஊரில் ஸ்கேட்டிங் என்றாலே ஸ்பீடுதான். ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் உலகப் பட்டம் வென்ற பிறகு அந்தப் பக்கம் கூட்டம் கூடியிருந்தால் வியப்பில்லை. ஆர்ட்டிஸ்டிக் பிரிவிலும் நமக்குப் பதக்கம் உண்டு: 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் அனூப் குமார் யாமா தனியாக ஒரு வெண்கலமும், அவனி பஞ்சாலோடு ஜோடியாக இன்னொன்றும் வாங்கினார். அது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

ஃபிகர்ஸ் முடிந்து, ஃப்ரீ ஸ்கேட்டிங்குக்குப் பாட்டு போட்டார்கள். பெண் ஓடி, திரும்பி, தாவினாள். கூட்டம் அவள் கைவீச்சைப் பார்க்க, இவர் படியில் குனிந்து கணுக்காலுக்குக் கீழே பார்க்கிறார். கடைசிச் சுழற்சி நின்ற இடத்தில் நிற்காமல் ஓரடி நகர்ந்துபோனது. வந்தவுடன் மூச்சு வாங்கிக்கொண்டே, "பின் வீல் கடிக்குதுப்பா" என்றாள்.

"ரைட்டு, உள்பக்கம்?"

"ஆமா."

ஸ்பேனர் ஏற்கெனவே கையில் இருந்தது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கைபேசியோடு வந்தார். "சார், உங்க பொண்ணு போட்டிருக்கிறது எந்த கம்பெனி வீல்? அதையே ஆர்டர் பண்ணிடறேன்."

"பாப்பா எத்தன கிலோம்மா?"

"இருபத்திரண்டு."

"தினம் எங்க ஓடுது?"

"அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல. டைல்ஸ் போட்டிருக்கு."

கொஞ்சம் யோசித்தார். பைக்குள் துழாவி, மகளின் பழைய செட் ஒன்றை எடுத்தார். ஓரம் மழுங்கிய, நிறம் மங்கிய எட்டு. ஈரத்துணியால் ஒவ்வொன்றின் ஓடுதளத்தையும் துடைத்தார். "இதுல ஒரு மாசம் ஓடட்டும். வழுக்குதா, இழுக்குதான்னு பாப்பாவையே கேளுங்க. அதுக்கப்புறம் புதுசு வாங்கலாம். பல ஆயிரம் ஆகும், அவசரப்படாதீங்க."

அந்த அம்மா பர்ஸைத் திறந்தார். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, "நட்டு மட்டும் புதுசா வாங்கிக்குங்க. பழசுல நைலான் தளந்துபோச்சு, ஓடும்போதே கழண்டுடும்" என்றார்.