முதல் மாடிக்கு ஏறிய சைக்கிள்!

சென்னையில் ஒற்றை பெட்ரூம் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தெரியும்... சைக்கிள் வாங்குவதைவிட, அதை எங்கே நிறுத்துவது என்பதுதான் பெரிய கேள்வி. ப்ளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிளில்தான் இன்னமும் மெட்ரோ ஸ்டேஷன் வரை போகிறேன். மாடிப்படிக்குக் கீழே நின்ற பக்கத்து போர்ஷன்காரர் சைக்கிள் காணாமல்போன அன்றே, என்னுடையது முதல் மாடிக்கு ஏறிவிட்டது.

``மனுஷங்க படுக்கவே இடமில்ல, இதுல இது வேறயா?'' என்றார் அம்மா. நியாயம்தான். வாசலை அடைத்து நிறுத்தினால், கேஸ் கசிந்தால்கூட அவசரத்துக்கு வெளியே ஓட முடியாது. சுவரில் ஹூக் அடித்து மாட்டலாம் என்றால், ஹவுஸ் ஓனர் `ட்ரில்லிங் கூடவே கூடாது' என்றுவிட்டார். (ஒருவகையில் நல்லதுதான். இரும்பு சைக்கிள் 20 கிலோவை நெருங்கும். பூச்சு உதிரும் பழைய சுவர் அதைத் தாங்காது!)

கடைசியில் கைகொடுத்தது பால்கனி கிரில். துணிக்கொடி ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. கேரியரில் அம்மாவின் கிளிப் டப்பா. முன் வீலை மட்டும் பூட்டினால், அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மீதியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் ஃப்ரேமையும் பின் வீலையும் சேர்த்து கிரில்லோடு பூட்டுகிறேன். மழையில் நனைந்து வந்தால் துடைத்து, காய்ந்த பிறகே கவர் போடுகிறேன். ஈரத்தோடு மூடினால், கடல்காற்றுக்குச் சீக்கிரமே துரு ஏறிவிடும்.