ஓட்டுக்கூரைக்கு ஒரு பண்டிகை

கோயிலுக்குப் பணம் சேர்ப்பது என்றதும் பலருக்கு உண்டியல்தான் நினைவுக்கு வரும். ஆனால் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் தேரிக்காட்டு ஊர்களில், சி.எஸ்.ஐ. சபைகளில் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஸேல், ஏலம், அசனம் என்று மூன்று வார்த்தை சொல்வார்கள். வாராவாரம் காணிக்கைப் பை வருகிறது, சங்கக் காணிக்கையும் வருகிறது... எல்லாம் சரிதான். ஆனால் அது ஊழியர் சம்பளம், கரண்ட் பில், சேகரத்துக்குக் கட்ட வேண்டிய பங்கு என்று வந்த வழியே போய்விடும். கூரை ஒழுகினாலோ மதில் சாய்ந்தாலோ அதற்கென்று தனியாக ஒரு பண்டிகை வைத்தால்தான் உண்டு.

அப்படி ஒரு ஊர். தொண்ணூறு குடும்பம் இருக்கும். அதில் பாதிப்பேர் சென்னையிலும் மும்பையிலும் திருப்பூரிலும் கடை வைத்திருக்கிறார்கள். கோயிலின் ஓட்டுக்கூரையைத் தாங்கும் உத்தரங்களில் கரையான் ஏறிவிட்டது. ஆசாரி ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு ஏழு லட்சம் ஆகும் என்றார். கமிட்டி கூடியது. பண்டிகை வைப்பது என்று முடிவானது. பண்டிகைச் செயலாளராக பி.காம். கடைசி வருடம் படிக்கும் ஒரு பெண்ணைப் போட்டார்கள். கம்ப்யூட்டர் தெரியும், கணக்கு எழுதுவாள், எதிர்த்துப் பேச மாட்டாள் என்று மூன்று காரணம் சொன்னார்கள். முதல் இரண்டும் சரி!

முதல் வேலை தேதி குறிப்பது. இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பாதி வசூலைத் தீர்மானிப்பது இதுதான். மார்ச், ஏப்ரலில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, பந்தல் போட முடியாது. டிசம்பரில் வெளியூர்க்காரர்கள் வருவார்கள். ஆனால் கிறிஸ்துமஸ் துணிமணிக்கும் பலகாரத்துக்கும் கையிலிருப்பதைச் செலவழித்துவிட்டுத்தான் வருவார்கள். மிஞ்சுவது மே மாதம். அதிலும் மாதத்தின் முதல் அல்லது இரண்டாவது சனிக்கிழமை, சம்பளம் வந்த சூடு ஆறுவதற்குள். அதோடு பக்கத்து ஊர்களில் அதே நாளில் பிரதிஷ்டைப் பண்டிகை எதுவும் இல்லையே என்று நாலு கோயிலுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். அவள் கேட்டாள். ஒரு ஊரில் இருந்தது. ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள்.

அடுத்தது என்ன நிகழ்ச்சி என்ற கேள்வி. வாலிபர் சங்கத்துப் பையன்கள் ஒரே குரலில் இன்னிசை மாலை என்றார்கள். சென்னையிலிருந்து பாடகர், கீபோர்டு, லைட்டு, பெரிய பெரிய ஸ்பீக்கர்... அவள் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினாள். பாடகர் குழுவுக்கும் மைக் செட்டுக்கும் பந்தலுக்கும் வண்டிச் செலவுக்கும் சேர்த்து 1,80,000 ரூபாய். டிக்கெட் 200 ரூபாய் என்றால் ஆயிரம் பேர் வந்தாலும் மிஞ்சுவது 20,000 ரூபாய்தான். தொண்ணூறு குடும்பம் உள்ள ஊரில் ஆயிரம் பேருக்கு எங்கே போவது? வசூல் வேறு, லாபம் வேறு. இது தெரியாமல் கூட்டம் கூட்டிக் கைதட்டு வாங்கிவிட்டு, கடைசியில் மைக் செட்டுக்காரருக்கே கோயில் கடன்பட்ட கதைகள் இந்தப் பக்கத்தில் நிறைய உண்டு.

பிரியாணிக் கணக்கு நேர் எதிர். பொருள் காணிக்கையாக வரும், ஆள்கூலி கிடையாது. 600 பொட்டலம், கூப்பன் 120 ரூபாய். ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பொட்டலம் என்றால் 75 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை மூன்று. மூன்று மூட்டையையும் மூன்று வீட்டார் கொடுத்துவிட்டார்கள். கோழிக்கு 18,000, எண்ணெய், மசாலா, விறகு, பொட்டலம் கட்டும் சாமான் என்று 11,000. வரவு 72,000, மிச்சம் 43,000. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: கூப்பனை முன்கூட்டியே விற்றுவிட வேண்டும். விற்ற கூப்பனுக்குத்தான் அடுப்பு பற்ற வேண்டும். அன்றைக்கு வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று நம்பிச் சமைத்தால், மே மாத வெயிலில் சாயங்காலம் அண்டாவோடு குழிதோண்டிப் புதைக்க வேண்டியதுதான்.

குலுக்கல் யோசனையும் வந்தது. ஒரு டூவீலரைப் பரிசாக வைத்து, சீட்டு 100 ரூபாய் என்று விற்றால் கூரை என்ன, கோபுரமே கட்டலாம் என்றார் ஒரு மாமா. தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியை முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். அனுமதி இல்லாமல் சீட்டு விற்றுக் குலுக்குவது வம்பை விலை கொடுத்து வாங்குவது. அதைவிட, லாட்டரிச் சீட்டால் தெருவுக்கு வந்த குடும்பங்களுக்காக ஜெபம் செய்த அதே ஆலயத்தில் சீட்டுக் கிழிப்பதா என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கேட்டார்கள். மாமா பிறகு வாய் திறக்கவில்லை.

வெளியூர், வெளிநாட்டுக்காரர்களிடம் கேட்பது இன்னொரு தனிப் பாடம். பொருளாளரின் சொந்தப் போன் நம்பருக்குப் பணம் அனுப்பச் சொல்வதுதான் இன்றைக்குப் பல இடங்களில் நடக்கிறது. சுலபம்தான், ஆனால் பின்னால் எது கோயில் பணம், எது மளிகைப் பணம் என்று பிரிக்க அந்தப் பொருளாளராலேயே முடியாது. கியூஆர் கோடு என்றால் அது சபைக் கணக்குக்குத்தான் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணத்தில் இன்னொரு சிக்கல். துபாயில் வேலை பார்க்கும் தம்பி இந்தியப் பாஸ்போர்ட்காரர். தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன், இதே ஊரில் ஞானஸ்நானம் பெற்றவராகவே இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டுக்காரர். அவர் பணத்தை எப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்புதான் வாங்க முடியும். 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரு குறிப்பிட்ட கிளையில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். அண்ணனுக்கு இதை விளக்கிச் சொல்ல அவளுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. "நான் பிறந்த ஊருக்கு நானே குடுக்க முடியாதா?" என்று வருத்தப்பட்டார். வருத்தம் நியாயமானதுதான்.

இப்படி ஊரார் கையிலிருந்தே சேர்ப்பது இந்த மண்ணில் புதிதல்ல. பாளையங்கோட்டையில் இருந்த ரேனியஸ் ஐயர் 1830-லேயே தர்ம சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். துரத்தப்பட்ட கிறிஸ்தவர்கள் குடியேற நிலம் வாங்குவது போன்ற காரியங்களுக்கு அந்தப் பணம் பயன்பட்டது. 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதுதான் கொள்கை. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைத்துக் கோயிலுக்குக் கொடுக்கும் வழக்கம் இங்கேயும் உண்டு, மிசோரமில் 1910 வாக்கில் தொடங்கி இன்றுவரை பெரிய அளவில் நடக்கிறது. கைப்பிடி அரிசி கொடுத்தவர் பெயரை யாரும் கல்லில் வெட்டி வைப்பதில்லை. மின்விசிறி கொடுத்தவர் பெயர் மட்டும் மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் இருக்கிறது! (நன்கொடையாளர் பெயரைப் படிக்க வேண்டுமென்றால் மின்விசிறியை நிறுத்த வேண்டும் என்பது வேறு விஷயம்.)

பிரியாணிக்கு ஆள் தேடும்போதுதான் ஏலப் பிரச்சினை அவள் முன்னால் வந்து நின்றது.

ஏலம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பண்டிகையில் ஜனங்கள் முதற்பலனாகப் படைக்கும் கோழி, பூசணி, வாழைத்தார், கருப்பட்டி, முட்டை எல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்கு வரும். பத்து ரூபாய் தேங்காய் ஆயிரத்துக்குப் போகும். விலை தேங்காய்க்கு அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். மைக்கில் பெயர் சொல்லிச் சொல்லி ஏற்றுவார்கள். மச்சான் ஐந்நூறு என்றால் மாப்பிள்ளை அறுநூறு. சிரிப்பும் விசிலுமாக அந்த ஒரு மணி நேரம்தான் பண்டிகையின் உயிர். ஆனால் பணத்தை அன்றைக்கே கொடுக்க வேண்டியதில்லை. நோட்டில் எழுதிக்கொள்வார்கள், கிறிஸ்துமஸுக்குள் கட்டினால் போதும். கட்டாதவர் பெயர் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் வாசிக்கப்படும்.

ஊரிலேயே நல்ல சமையல்காரர் ஒருவர் இருந்தார், டவுனில் பரோட்டாக் கடை வைத்திருந்தவர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு முட்டையை 4,500 ரூபாய்க்கு எடுத்தார். ஐந்நூறில் நிறுத்தியிருப்பார், எதிரே நின்றவர் அவருடைய சம்பந்தி. அந்த வருடமே கடை படுத்துவிட்டது. பெயரை நாலு வாரம் வாசித்தார்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து அவர் வரவில்லை. அவர் மனைவி மட்டும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்னாலேயே எழுந்து போய்விடுவார்.

அவள் அவர் வீட்டுக்குப் போய், "சித்தப்பா, பிரியாணிக்கு நீங்கதான் வரணும்" என்றாள். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எம் பேரை இன்னும் வாசிக்காங்களா பாப்பா?" என்று கேட்டார்.

அவள் பதில் சொல்லாமல் திரும்பி வந்து ஏல நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். போன வருட ஏலம் 2,40,000 ரூபாய் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் 95,000 இன்னும் வரவில்லை. கைக்கு வந்தது 1,45,000தான். பாக்கிக்காரர்கள் பதினேழு பேர். அதில் ஆறு பேர் கோயிலுக்கு வருவதையே நிறுத்தியிருந்தார்கள்.

அடுத்த கமிட்டியில் மூன்று விஷயம் கேட்டாள். ஏலப் பணம் அன்றைக்கே கட்ட வேண்டும், கடன் கிடையாது. பெயர் வாசிப்பதை நிறுத்த வேண்டும். பழைய பாக்கியைத் தள்ளுபடி செய்ய வேண்டும். கூட்டம் இரவு பத்தரை வரை நடந்தது. "கடன் இல்லன்னா எவன் ஏலம் கேப்பான்? பண்டிகை செத்துரும்" என்றார் ஒரு பெரியவர். அவர் சொன்னதிலும் உண்மை இல்லாமல் இல்லை. கையில் காசு இருப்பவன் மட்டும் கேட்கும் ஏலம் பணக்காரன் விளையாட்டாகிவிடாதா என்று இன்னொருவர் கேட்டார், அதுவும் நல்ல கேள்வி. அதற்காக, 200 ரூபாய்க்கு உட்பட்ட சின்னச் சின்னக் கூடைகளைத் தனியாக ஒரு மேசையில் விலை ஒட்டி விற்பது என்று வைத்தார்கள். முதல் இரண்டு கோரிக்கையும் நிறைவேறின. தள்ளுபடி மட்டும் முடியவே முடியாது என்றார்கள். தேவனுக்குப் பொருத்தனை பண்ணினதைத் தள்ளுபடி செய்ய நாம் யார் என்று ஒரு வாதம். கடைசியில் நோட்டை ஐயர் கையில் கொடுத்துவிட்டார்கள். அவரே தனித்தனியாகப் போய்ப் பார்க்கட்டும், கட்ட முடிந்தவர் கட்டட்டும், முடியாதவரை அவர் பாடு.

பண்டிகையன்று விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு பற்றியது. சமையல்காரர் வந்திருந்தார். ஒன்பது மணிக்கு தம் உடைத்து, சூட்டோடு பொட்டலம் கட்டி, பன்னிரண்டுக்குள் 600 கூப்பனும் முடிந்தது. ஆராதனைக்கு மணி அடித்தபோது எல்லோரும் உள்ளே போனார்கள். அவர் போகவில்லை. அண்டா கழுவ ஆள் வேண்டாமா என்றார். யாரும் வற்புறுத்தவில்லை.

ஏலம் முன்பு மாதிரி ஆயிரக்கணக்கில் பறக்கவில்லை. மைக் பிடித்தவருக்கே கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. ஆனால் சாயங்காலம் மேசையில் இருந்த 1,62,000 ரூபாயும் ரொக்கம் அல்லது வங்கிக் கணக்கில் வந்த பணம். பெண்கள் சங்கத்தாரின் முறுக்கு, அதிரசம், சுக்குக் காபிக் கடைகளில் 38,000. பிரியாணியில் 43,000. வெளியூர்க்காரர்கள் கொடுத்தது 2,10,000. எல்லாம் சேர்த்து 4,53,000 ரூபாய்.

பணம் எண்ணுவதில் ஐயர் ஒரு விதி வைத்தார். 2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தில் ஒரு கதை இருக்கிறது. ஆலயத்தைப் பழுதுபார்க்கச் சொல்லி ஆசாரியர்களிடம் பணம் வசூலிக்கும் பொறுப்பைக் கொடுத்தான் யோவாஸ் ராஜா. அவன் ஆட்சியின் 23-ஆம் வருடம் வரை ஒரு விரிசலும் அடைபடவில்லை! பிறகுதான் யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரம் போட்டுப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் வைத்தான். பெட்டியைத் திறந்து எண்ணும்போது ராஜாவின் ஆளும் இருந்தான், பிரதான ஆசாரியனும் இருந்தான். கமிட்டியைச் சேர்ந்த ஒருவரும் சேராத ஒருவரும் எதிரெதிரே உட்கார்ந்து எண்ணுவது என்று ஐயர் அதை வைத்துத்தான் முடிவு செய்தார். சேராதவராக உட்கார்ந்தது ஊர்த் தபால்காரர். இரண்டு முறை எண்ணினார்கள்.

ஏழு லட்சம் வரவில்லை. இரண்டு கட்டமாகச் செய்யலாம், பலிபீடப் பக்கம் முதலில், மீதி அடுத்த மே மாதத்துக்குப் பிறகு என்று ஆசாரி சொன்னார். திங்கட்கிழமை வரவு செலவை ஏ4 தாளில் அடித்துக் கோயில் கதவில் ஒட்டினாள் அவள். எண்ணியதில் ரசீதுகளைவிட 140 ரூபாய் அதிகமாக இருந்தது. பிரியாணிக் கணக்கில் சேர்த்துவிடு, யாருக்குத் தெரியப் போகிறது என்றார் பொருளாளர். "உபரி 140, காரணம் தெரியவில்லை" என்று தனி வரியாக அடித்திருந்தாள். அந்தத் தாளைப் படிக்க அன்று சாயங்காலம் கதவருகே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.