பெயர் போட இடம் இல்லையாம்



இந்த வாரம் முழுக்க எனக்குக் கோபம். ஈப்போவில் மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலருக்கு மெய்ப்புப் பார்க்கும் பொறுப்பைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்னிடம் கொடுத்திருந்தது. செவ்வாய்க்கிழமை அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தது. வகுப்புப் படங்களுக்குக் கீழே பிள்ளைகளின் பெயர்கள் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தன. எழுத்தளவு 6 புள்ளி. அதிலும் அப்பா பெயர்களை எடுத்துவிட்டிருந்தார்கள். கேட்டால், "பேரு நீளமா இருக்குக்கா, இடம் பத்தல" என்கிறார் வடிவமைக்கும் தம்பி. வாழ்த்துரைகளுக்கு மட்டும் ஆளுக்கொரு முழுப் பக்கம், பெரிய படத்தோடு, மொத்தம் எட்டுப் பக்கம்.

பெயர் ஏன் நீளம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நம் தமிழ்நாட்டில் 'எம். கவிதா' என்றால் முடிந்தது. இங்கே மலேசியாவில் இனிஷியல் கிடையாது. பிறப்புப் பத்திரத்தில் பிள்ளையின் பெயர், நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி, பிறகு அப்பாவின் முழுப் பெயர். 'அனாக் லெலாக்கி' என்றால் மலாயில் மகன். 'அனாக் பெரம்புவான்' என்றால் மகள். அடையாள அட்டையிலும் அதுதான், தேர்வுச் சான்றிதழிலும் அதுதான், பாஸ்போர்ட்டிலும் அதுதான். மலாய்க்காரர்களுக்கு அதே இடத்தில் 'பின்', 'பிந்தி' வரும். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முதலில் வந்துவிடும். கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பெயர் மாறாது. என் நாத்தனார் பேரன் எடுத்துவிட்டார். இன்னும் அவர் தன் அப்பாவின் மகளாகத்தான் கையெழுத்துப் போடுகிறார். நான் படித்த மன்னார்குடியில் எங்கள் வகுப்பில் நான்கு கவிதாக்கள். எம். கவிதாவோடு ஐந்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த 'எம்' யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இங்கே வந்த பிறகுதான் அது ஒரு குறையாகவே உறைத்தது.

புதன்கிழமை இரவு மெய்ப்பைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருந்தேன். அத்தை வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஒன்றும் சொல்லாமல் அறைக்குப் போய் ஒரு படத்தை எடுத்து வந்தார்கள். 1962இல் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் எடுத்தது. மூன்று வரிசை, 27 பிள்ளைகள், நடுவில் வேட்டி கட்டிய வாத்தியார். பின்பக்கம் திருப்பினேன். வருஷம் மட்டும் இருந்தது. பெயர் ஒன்றுகூட இல்லை.

தோட்டத்துப் பள்ளி என்றால் நம் ஊர்க் கிராமத்துப் பள்ளியை நினைக்காதீர்கள். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923இல் தொழிலாளர் சட்டம் வந்தது. தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு, கணக்குப் பார்க்கும் கிராணியோ எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ பாடம் சொன்ன இடங்கள் உண்டு. அங்கிருந்து வளர்ந்து இன்று எங்கள் பேராக் மாநிலத்தில் மட்டும் 130க்கு மேல் தமிழ்ப்பள்ளிகள். பலவற்றின் பெயரில் இன்னும் 'லாடாங்' இருக்கிறது. மலாயில் தோட்டம் என்று பொருள். ரப்பர் தோட்டம் செம்பனைத் தோட்டமாகி, வீடமைப்புப் பகுதியாகி, பள்ளியே வேறு இடத்துக்குப் போன பிறகும் பெயர் போகவில்லை. நம் சனம் கட்டிக் காத்தது அது. எனக்கு அதில் தாங்க முடியாத பெருமை.

அத்தை இருந்த தோட்டம் துண்டாடலில் போனது. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. வாங்கியவர்களுக்கு அத்தனை ஆள் தேவைப்படவில்லை. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும் அன்று அமைச்சராக இருந்தவருமான துன் சம்பந்தன் 1960இல் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து டாலராகச் சேர்த்துத் தோட்டம் வாங்கும் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். அத்தையின் தோட்டத்தை அது எட்டவில்லை. படத்தில் இருக்கும் 27 பேரும் எங்கெங்கோ சிதறிப் போனார்கள்.

வியாழக்கிழமை கூட்டத்துக்கு அந்தப் படத்தையும் கொண்டுபோனேன். அச்சுக் கணக்கையும் பேசினேன். எங்கள் மலர் 64 பக்கம், அதாவது 16 பக்கப் பாரம் நான்கு. நினைத்தபோது ஒரு பக்கம் கூட்ட முடியாது. இருப்பதற்குள்தான் இடம் தேட வேண்டும். வாழ்த்துரைகளைப் பக்கத்துக்கு இரண்டாகப் போட்டால் நான்கு பக்கம் மிச்சம். ஆறு வகுப்புப் படங்களும் இப்போது மூன்று பக்கத்தில் நெருக்கிக்கொண்டிருக்கின்றன. வகுப்புக்கு ஒரு பக்கம் என்றால் மூன்று பக்கம் கூடுதலாக வேண்டும். அப்போதும் ஒன்று மிஞ்சும். பெரிய மனிதர்களின் படத்தைச் சின்னதாக்குவதா என்று முனகல் எழுந்தது. தலைமையாசிரியர் அத்தையின் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "செஞ்சிடலாம்" என்றார்.

அடுத்த ஆண்டுக்குப் பொறுப்பேற்பவர்களுக்காக எழுதி வைத்திருக்கிறேன். வகுப்புப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும். 20 செ.மீ. அகலத்துக்கு அச்சாகும் படத்துக்கு ஏறத்தாழ 2,400 பிக்சல் வேண்டும், இல்லாவிட்டால் பின்வரிசை முகங்கள் கரைந்துபோகும். வெயில் உச்சிக்கு ஏறும் முன் எடுங்கள். ஓரத்தில் நிற்கும் பிள்ளையை ஒட்டிக் கொஞ்சம் வெற்றிடம் இருக்கட்டும், வெட்டும் கத்தி 3 மி.மீ. உள்ளே வரும். எல்லாவற்றையும்விட, படம் எடுத்த கையோடு, பிள்ளைகள் கலையும் முன், இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டலை வீட்டில் சரிபார்க்கக் கொடுங்கள். ஒரு காலத்தில் அலுவலகத்தில் காதில் விழுந்தபடி எழுதியதால் லட்சுமிகள் எல், இ, டி, சி, எச் என்று லெட்சுமிகளானார்கள். அதுவே இன்று அவர்களின் சட்டப்படியான பெயர். நாம் திருத்தக் கூடாது. அதன் பக்கத்தில் தமிழிலும் போட வேண்டும். முதல் மெய்ப்பில் தமிழ் சிதறி, கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறனின் நாட்டில் இதை எப்படிப் பொறுப்பது? தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து மென்பொருளின் அமைப்பை மாற்ற வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மிஞ்சிய அந்த ஒரு பக்கம் அத்தையின் படத்துக்கு. மூன்று நாளாக அத்தை போனும் கையுமாக இருக்கிறார்கள். கிள்ளானில் ஒரு சிநேகிதி, தைப்பிங்கில் வாத்தியாரின் மகன். இதுவரை 11 பெயர் கிடைத்திருக்கிறது. "ரெண்டாவது வரிசைல நாலாவது, ரெட்ட சடை. பக்கத்து லயம்தான். முகம் தெரியுது, பேருதான் வரமாட்டேங்குது" என்று நேற்றிரவு சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்கள்.

தெரியாத 16 பேருக்கும் எண் போட்டு, எதிரே புள்ளிக்கோடு விட்டு அனுப்பினேன். இன்று காலை தம்பி கூப்பிட்டார். "அக்கா, இங்க பேரு விட்டுப்போச்சு. கோட்டை எடுத்திரவா?"

"எடுக்காதீங்க தம்பி. யாராவது எழுதுவாங்க."