கிராண்டின் பின்பக்கம்

என் வேலைக்கு வந்திருக்கும் தம்பிக்கு ஒரு கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். நில அலுவலகத்தில் தேடலுக்குப் பணம் கட்டுகிறார். வரும் தாளில் உரிமையாளர் பெயரையும் பரப்பளவையும் பார்க்கிறார், எக்செலில் ஏற்றுகிறார், அவ்வளவுதான். சட்டப்படி குற்றம் சொல்ல முடியாது. தேசிய நிலச் சட்டத்தில் பதிவேடு சொல்வதுதான் முடிவு. ஆனால் அந்தச் சட்டம் 1966-இல் அமலுக்கு வந்தது. மலேசியாவின் கெடா மாநில நிலம் அதற்கு வெகுகாலம் முன்பே கைமாறத் தொடங்கிவிட்டது.

நான் வரலாறு கற்றுக்கொடுத்தவன். அலோர் ஸ்டார் ஆவணக்காப்பகத்தில் சுல்தான் அப்துல் ஹமிட்டின் கடிதத் தொகுதிகளோடு இளமையைக் கழித்தேன். 2001-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது அதே தொகுதிகளைத்தான். என் விரிவுரையாளர் ஒப்பந்தம் ஒரு வருஷம் புதுப்பிக்கப்படவில்லை. சுங்கை பட்டாணியில் ஒரு வீடமைப்பு நிறுவனம் அரபு எழுத்தில் மலாய் எழுதும் ஜாவி தெரிந்த ஆள் தேடியது, போனேன். "ஆர்ட்ஸ் படிச்சவருக்கு இங்க என்ன சார் வேலை?" என்று நேர்முகத்தில் கேட்ட மேலாளர், பிறகு யாருக்கும் புரியாத தாள் வந்தபோதெல்லாம் என் மேசைக்குத்தான் வந்தார்.

ஜாவி தெரியும் என்று நான் நினைத்திருந்ததைத் திருத்தியவர் ஒரு மலாய்ப் பெரியவர்; பாக் சிக் என்று கூப்பிடுவேன். நில அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கடிதங்களின் ஜாவி சபைக்கு எழுதியது, அழகாக இருக்கும். பழைய நில உரிமைப் பத்திரமான சூராட் புத்துஸிலும் அதன் ஓரக்குறிப்புகளிலும் இருப்பது அவசரத்தில் எழுதியது. புள்ளி விழுந்திருக்காது, உயிரெழுத்து பாதி இராது. அதிலே நம் ஆட்களின் பெயர் வந்தால் கேட்கவே வேண்டாம். சின்னனா சென்னனா? பிற்கால எழுத்தர் அதை ரோமன் எழுத்துக்கு மாற்றும்போது மூன்றாவது ஒரு பெயரை உண்டாக்கிவிடுவார். அடையாள அட்டையில் நான்காவது இருக்கும். வாரிசு என்று வந்து நிற்பவர் எந்தச் சின்னனின் பேரன்?

பாக் சிக் தாளை உடனே படிக்கமாட்டார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "தம்பி, இதை எழுதினவன் யாருன்னு முதல்ல கண்டுபிடி" என்பார். அதே கை எழுதிய வேறு பதிவுகளைத் தேடச் சொல்வார். அந்த எழுத்தர் எந்த எழுத்தில் புள்ளியை விடுகிறார், வாலை எப்படி இழுக்கிறார் என்று பார்த்து, பிறகுதான் பெயருக்கு வருவார். ஒரு பெயருக்கு ஒரு வாரம் போனதுண்டு. முதலாளிக்குப் பொறுக்காது. பல்கலைக்கழகத்தில் எந்தப் பேராசிரியரும் எனக்கு இவ்வளவு கறாராகப் பாடம் எடுத்ததில்லை. ஹிஜ்ரி ஆண்டோடு ஒரே எண்ணைக் கூட்டி ஆங்கில ஆண்டு போடுபவர்களை அவருக்கு அறவே பிடிக்காது. ஹிஜ்ரி 1330 என்றால் 1911 டிசம்பரில் தொடங்கி 1912 டிசம்பரில் முடிகிறது. இரண்டு அடமானங்களில் எது முந்தியது என்பது அந்த மாதங்களில்தான் இருக்கும். நில அளவிலும் அதே கண்டிப்பு. கெடா ரெலோங் சுமார் 0.71 ஏக்கர், எல்லை தாண்டி செபராங் பிறைக்குள் போனால் ஓர்லோங் 1.3 ஏக்கருக்கு மேல். கூலிம் பக்கத்து நிலங்களில் இரண்டையும் ஒன்றாக்கிய வரைபடங்களைப் பார்த்திருக்கிறேன்.

செட்டியார் அடமானங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். செட்டியாரின் வட்டிக்கடையில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஏஜெண்டு மாறுவார். அடமானம் பழைய ஏஜெண்டு பெயரிலேயே நிற்கும்.

இப்போது தேசிய நிலச் சட்டத்தின் 214A பிரிவு. நாற்பது ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்க தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். தம்பிக்கு அது நிரப்பவேண்டிய இன்னொரு படிவம். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டதும், தோட்ட லயத்து வீடுகளில் இருந்தவர்கள் வேலையோடு கூரையையும் இழந்ததும் அவருக்குத் தெரியாது. பொருளாதார அறிஞர் உங்கு அஜீஸ் அந்தத் துண்டாடலை ஆராய்ந்து 1962-இல் அறிக்கை வெளியிட்டார். அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி முதலில் வாங்கியது நம் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை. இதெல்லாம் தெரிந்தவன் ஒரு தோட்டத்தை வாங்கப் போகும்போது முதலில் கேட்பது விலையை அல்ல, லயத்தில் இன்னும் எத்தனை குடும்பம் இருக்கிறது என்பதை.

கோயிலும் அப்படித்தான். அந்தக் கால துரை வாய்மொழியாகக் கொடுத்த இடத்தில் மாரியம்மன் இருப்பாள். கிராண்டில் ஒரு வரி இருக்காது. நான் லயத்துக்குப் போய் வயதான பாட்டிகளிடம் எந்த வருஷத் திருவிழா யார் செலவில் நடந்தது என்று கேட்டு எழுதிக்கொள்வேன். அலுவலகத்தில் அதற்குப் பெயர் "சார் கதை கேட்கப் போயிருக்கார்". பூஜாங் பள்ளத்தாக்கில் சண்டி 11 என்ற பழங்காலக் கோயில் எச்சம் இடித்து நிரவப்பட்ட செய்தி 2013 டிசம்பரில் வந்தபோது, தனியார் நிலம், மேம்பாட்டாளருக்குத் தெரியாது என்றார்கள். தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸ் 1930-களில் அந்தப் பள்ளத்தாக்கின் சண்டிகளை ஆராய்ந்து எண்ணிட்டார். 1940-இலேயே அறிக்கை அச்சாகிவிட்டது. படிக்கத்தான் ஆள் இல்லை.

போன வருஷம் எங்கள் பழைய கோப்புகளை எல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினார்கள். திறந்து பார்த்தேன். எல்லாக் கிராண்டிலும் முன்பக்கம் மட்டும். அடமானமும் கைமாற்றமும் எழுதப்பட்டது பின்பக்கத்தில். அதையும் எடுக்கச் சொன்னேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டாயிற்றாம்; பின்பக்கமும் எடுத்தால் செலவு இரட்டிப்பாகும் என்றார்கள்.