கோத்திரம் கேட்காத முறையீடு

மதம் மாறியவர்களிடம் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ஏன் மாறினீர்கள்? யார் பணம் கொடுத்தார்கள்? அதற்குப் பலமுறை பதில் சொல்லியாகிவிட்டது. மாறிய பிறகு கடவுளிடம் என்ன பேசினீர்கள், எந்த மொழியில் பேசினீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எங்களுக்கோ அதுதான் பெரிய கேள்வியாக இருந்தது.

நாங்கள் மூக்கண்டப்பள்ளியில், சிப்காட் கம்பெனிகளை நம்பி லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சேரிகளிலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தவர்கள். எங்களில் சில குடும்பங்கள் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தோம். ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். இங்கே கடைவீதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒன்றாகப் புழங்கும். நாங்கள் போன பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை பயான் உருதில்தான். வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து நின்றோம். யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. அதை மறக்க மாட்டோம். ஆனால் தொழுகை முடிந்து ஹஜ்ரத் கையேந்தி துஆ ஓதும்போது, என்ன கேட்கிறார் என்று தெரியாமலேயே ஆமீன் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒரு பெரியவர் தமிழ் எழுத்தில் அரபி துஆக்கள் அச்சிட்ட தாளைக் கொடுத்து, "இதை மனப்பாடம் பண்ணுங்கப்பா, அரபியில கேட்டாத்தான் கபூலாகும்" என்றார். நல்ல மனிதர்தான், அன்பாகத்தான் சொன்னார். தாளை வாங்கிக்கொண்டு திரும்பும்போது எங்கள் எல்லார் மனத்திலும் ஊர்க்கோயில்தான் ஓடியது. அங்கே நாங்கள் வெளியே நிற்போம். தேங்காய்த் தட்டு இன்னொருவர் கை வழியாக உள்ளே போகும். நகரத்துக் கோயிலுக்குப் போனால் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்பார்கள். கோத்திரம் தெரியாது என்று சொன்னால் அவர்களே ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். நம் வேண்டுதல் நமக்குப் புரியாத மொழியில், இன்னொருவர் வாயால் போய்ச் சேரும். போய்ச் சேர்ந்ததா என்று யாருக்குத் தெரியும்? இங்கேயும் அப்படித்தானா என்ற பயம் வந்தது.

அந்தப் பயத்தை ஓர் ஆலிமிடம் வெளிப்படையாகவே கேட்டோம். அவர் சொன்னதையும், பிறகு நாங்களே படித்துத் தெரிந்துகொண்டதையும் புதிதாக வந்தவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறோம்.

தொழுகை வேறு, துஆ வேறு. தொழுகைக்கு நேரம், ஒளு, கிப்லா, அரபி ஓதல் எல்லாம் உண்டு. தொழுகைக்குள்ளே சொந்த மொழியில் கேட்கலாமா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. தொழுகைக்கு வெளியே அடியான் தன் இறைவனிடம் கேட்கும் துஆவுக்கு மொழித் தடை கிடையாது. ஒளுவோடு கிப்லாவை நோக்கிக் கையேந்திக் கேட்பது சிறப்பு. அவை இல்லாவிட்டாலும் துஆ துஆதான். குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் நோன்பைப் பற்றிய வசனங்களுக்கு நடுவே, தான் அருகில் இருப்பதாகவும் அழைப்பவனுக்குப் பதில் தருவதாகவும் இறைவனே சொல்கிறான். நடுவில் ஆள் யாரும் இல்லை. மாதவிடாய் நாட்களில் பெண்களுக்குத் தொழுகை இல்லை, ஆனால் துஆவுக்குத் தடையில்லை. இதைக் கேட்டதும் எங்கள் பெண்களில் ஒருவர், "அப்போ அந்த மூணு நாளும் நம்மள வெளிய நிறுத்தமாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு அழுதுவிட்டார்.

இரவின் கடைசி மூன்றில் ஒரு பகுதி துஆவுக்குச் சிறந்த நேரம் என்கிறார்கள். நைட் ஷிப்டுக்காரர்களான நாங்கள் அந்த நேரத்தில் பிரஸ் மெஷின் முன்னால் நிற்போம். கையேந்த முடியாது, கை போனால் போனதுதான். உதடு மட்டும் அசையும். ஓவர்டைம் காசு ஒழுங்காக வர வேண்டும், பிள்ளையின் இருமல் நிற்க வேண்டும், அடுத்த மாதமும் கான்ட்ராக்ட் இருக்க வேண்டும். இவ்வளவு சின்ன விஷயங்களை எல்லாம் இறைவனிடம் கேட்கலாமா என்று முதலில் கூச்சமாக இருந்தது. கேட்கலாம். கவ்லா என்ற பெண், தன் புருஷன் செய்த அநியாயத்தை நபியிடம் வாதாடி அல்லாஹ்விடம் முறையிட்டார். அந்த வீட்டுச் சண்டைக்குப் பதிலாகவே 58ஆம் அத்தியாயத்தின் முதல் வசனங்கள் இறங்கின.

தமிழில் கேட்பதும் நாங்கள் கண்டுபிடித்த புதுமை கிடையாது. இறைவனிடம் மன்றாடும் பாடல்களுக்கு முனாஜாத்து என்ற தனி வகையே தமிழ் இஸ்லாமிய இலக்கியத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குணங்குடி மஸ்தான் சாகிபு தமிழில்தான் இறைவனை நோக்கி உருகினார். ஓசூரில் உருது கேட்கிறது என்பதற்காக இஸ்லாத்தின் மொழி உருது ஆகிவிடாது.

எங்கள் மொழி எங்கிருந்து வந்தது என்றும் யோசித்துப் பார்த்தோம். எங்கள் ஆயாக்களிடமிருந்துதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சேரி மாரியம்மன் முன்னால் போய் நின்று, "ஏந்தாயி, கண்ணு தெரியலையா உனக்கு? எம்புள்ள துடிக்கிறது கேக்கலையா?" என்று சண்டை போட்டவர்கள் அவர்கள். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை. இன்று யாரிடம் கேட்கிறோம் என்பது எங்களுக்கு மாறிவிட்டது. அதில் எங்களுக்குக் குழப்பம் இல்லை. நேருக்கு நேர் நின்று கேட்கும் துணிவு மட்டும் அவர்கள் கொடுத்ததுதான்.

இங்கேதான் எங்களுக்கு ஒரு வலி இருக்கிறது. ஊரில் இருக்கும் அம்மாவின் உடம்பு தேற துஆ கேட்கலாம். தன் தாய்க்காக அபூஹுரைரா கேட்டுக்கொண்டபோது, அவர் அப்போது இஸ்லாத்துக்கு வந்திராதபோதும் நபி அவருக்காகத் துஆ செய்தார். ஆனால் செத்துப்போன ஆயாவுக்குப் பாவமன்னிப்புக் கேட்கக் கூடாது என்கிறார்கள். ஒன்பதாம் அத்தியாயத்தின் வசனத்தைக் காட்டுகிறார்கள். அந்த இடத்தில் எங்கள் நாக்கு நின்றுவிடுகிறது. வாழ்நாளெல்லாம் கோயில் வாசலைக்கூட மிதிக்க விடப்படாதவளை எந்தக் கணக்கில் வைப்பது? முந்தைய தலைமுறைகளின் கதி என்ன என்று பிர்அவ்ன் கேட்டபோது, அந்த அறிவு என் இறைவனிடம் இருக்கிறது என்றுதான் மூசா நபி சொன்னார். நாங்களும் அங்கேயே நிறுத்திக்கொள்கிறோம். இன்னொன்றும் எங்களைத் தேற்றுகிறது. முஆதை யமனுக்கு அனுப்பும்போது, அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கு அஞ்சிக்கொள், அதற்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்ற பொருளில் நபி எச்சரித்தார். முஸ்னத் அஹ்மதில் வரும் ஓர் அறிவிப்பு, அவர் இறைமறுப்பாளராக இருந்தாலும் சரி என்கிறது. அப்படியென்றால் ஆயா அன்று போட்ட சத்தமும் போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்த எச்சரிக்கை யாருக்குச் சொல்லப்பட்டது என்பதைக் கவனியுங்கள் தோழர்களே. வரி வசூலிக்கும் அதிகாரத்தோடு போன ஆளுக்கு. அதனால் துஆவைச் சொல்லி எங்களை உட்காரவைக்க யாராலும் முடியாது. 19.2.1981 அன்று நெல்லை மாவட்டம் மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது, பெட்ரோ டாலர் என்று தேசமே கூச்சலிட்டது. டீக்கடையிலும் தெருவிலும் அவர்கள் பட்ட இழிவுக்கு அந்த அளவு கூச்சல் எழவில்லை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை மதத்தோடு கட்டிவைத்தது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது. கிறித்தவ, முஸ்லிம் தலித்துகளுக்கு இன்னும் திறக்கவில்லை. நாங்கள் சாதியை விட்டோம், சாதி எங்களை விடவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு மட்டும் எங்களை விட்டுவிட்டது. வாடகைக்கு வீடு தேடும்போது இன்றும் எங்களிடம் சொந்த ஊரைக் கேட்டுவிட்டு, அங்கே எந்தத் தெரு என்று கேட்கிறார்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பு என்பது நபி சொன்ன பாடம். ஆகவே தாலுகா அலுவலகத்தில் மனுவும் கொடுப்போம், தெருவில் முழக்கமும் போடுவோம், ராத்திரி துஆவும் கேட்போம். புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! அந்தத் தாளை மனப்பாடம் செய்யுங்கள், அரபி கற்றுக்கொள்ளுங்கள், பொருளோடு கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அது வாயில் நுழையும்வரை காத்திருக்காதீர்கள். இன்றிரவே உங்கள் சேரித் தமிழில் ஆரம்பியுங்கள். "யா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு, பிறகு ஆயா பேசிய மாதிரிப் பேசுங்கள்.

அஸ்ஸலாமு அலைக்கும். ஜெய் பீம்.